தண்ணீர் இல்லாத எஞ்சின் மலை ஏறுவது எப்படி?

எந்த மோட்டார் எஞ்சினும் அடிப்படையில் ஓர் அடுப்புதான். பெட்ரோல் எரிந்து தரும் வெப்பத்தில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் சக்கரத்தைச் சுற்றும் வேலையாக மாறுகிறது. மீதியில் பெரும் பகுதி புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியது எஞ்சினின் உலோகத்தில் ஏறுகிறது. அதை உடனுக்குடன் அகற்றாவிட்டால் எண்ணெய் நீர்த்துப்போகும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

பெரும்பாலான கார்களில் இந்த வெப்பத்தை அகற்றுவது தண்ணீர். புனேயில் நெடுநாள் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விரைவுச்சாலை 2002-ல் முழுமையாகத் திறக்கப்படும் முன், கண்டாலா மலைப்பாதையில் அம்பாஸடர்களும் பத்மினிகளும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவி கக்கி நின்ற காட்சியை மறந்திருக்க மாட்டோம். ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்தது கண்ணுக்குத் தெரிந்தது, ஆகவே நிறுத்தினோம். தண்ணீரே இல்லாத எஞ்சினில் ஆவியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அப்படிப்பட்ட எஞ்சின் ஒன்றைப் பற்றியதே இந்தப் பாடம்.

நம் பிள்ளைகள் பலர் இன்று வெளிநாடுகளில் இருக்கிறார்கள். சங்க அன்பர் ஒருவரின் மகன் ஜெர்மனியில் பழைய ஃபோக்ஸ்வேகன் முகாம் வேன் ஒன்றை வாங்கியிருக்கிறார். உள்ளே படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் உண்டு. “ரேடியேட்டரே கிடையாதாமே சார், பேரக் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறானாம், பயமில்லையா?” என்று அந்த அன்பர் என்னிடம் கேட்டார். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தியவன் என்ற முறையில் அவருக்குச் சொன்ன விடையை எல்லோருக்குமாக இங்கே விரித்து எழுதுகிறேன்.

விசிறியும் தகரக் கவசமும்

இந்த வேனின் உற்பத்தி 1950 மார்ச்சில் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் நகரில் தொடங்கியது. முதல் எஞ்சின் 1131 சி.சி., 25 குதிரைத்திறன். பின்னாளில் அது 1600 சி.சி., ஏறத்தாழ 50 குதிரைத்திறன் வரை வளர்ந்தது. எஞ்சின் வண்டியின் பின்புறம் இருக்கிறது. நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்த நிலையில் உள்ளன. ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றி மெல்லிய உலோகத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். மெக்கானிக்குகள் இவற்றை ‘ஃபின்’ என்பார்கள். காற்று படும் பரப்பை அதிகமாக்குவதே இவற்றின் வேலை.

காற்றைத் தருவது ஒரு விசிறி. எஞ்சினின் கப்பியிலிருந்து ஒரு பெல்ட் டைனமோவைச் சுற்றுகிறது. அதே டைனமோவின் தண்டின் மறுமுனையில் விசிறி பொருத்தப்பட்டிருக்கிறது. வேனின் பின்பக்க ஓரங்களிலுள்ள திறப்புகள் வழியாக வரும் குளிர்ந்த காற்றை விசிறி இழுத்து, தகரக் கவசத்தின் வழியே சிலிண்டர்கள் மீது செலுத்துகிறது. சூடேறிய காற்று வண்டியின் அடியில் வெளியேறுகிறது.

மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று: இரண்டும் கலக்கக் கூடாது. அதற்காகவே எஞ்சினைச் சுற்றிலும் தகரங்களும், அறையின் ஓரத்தில் ரப்பர் பட்டையும் இருக்கின்றன. பார்வைக்கு அற்பமாகத் தெரியும் இந்தத் தகரங்களில் ஒன்றைப் பழுது பார்த்தவர் திரும்பப் பூட்டாமல் விட்டால், விசிறி சூடான காற்றையே திரும்பத் திரும்பக் குடிக்கும். ரேடியேட்டர் ஓட்டையாவதற்கு ஒப்பானது இது.

மலையில் என்ன நடக்கிறது?

ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் மலைச்சாலையை எடுத்துக்கொள்வோம். 1935-ல் திறக்கப்பட்ட இந்தச் சாலை 48 கிலோமீட்டர் நீளம். 36 கொண்டை ஊசி வளைவுகள். ஹோக்டோர் என்ற கணவாயில் 2,504 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. செங்குத்தான இடங்களில் ஏற்றம் 12 சதவீதம், அதாவது 100 மீட்டர் போனால் 12 மீட்டர் உயரவேண்டும்.

சாமான்களும் குடும்பமுமாக வேனின் எடை 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு சுமார் 8.3 மீட்டர். 12 சதவீத ஏற்றத்தில் அது நொடிக்கு ஒரு மீட்டர் உயரம். 2,000 கிலோவை ஒவ்வொரு நொடியும் ஒரு மீட்டர் தூக்குவதற்கு 19,600 வாட், அதாவது சுமார் 26 குதிரைத்திறன் வேண்டும். சமதளத்தில் இதே வேகத்துக்கு நான்கைந்து குதிரைத்திறன் போதும்! ஐந்தாறு மடங்கு வேலை என்றால் வெப்பமும் அதற்கேற்ப மிகுதி.

உயரம் இன்னொரு சிக்கலையும் கொண்டு வருகிறது. 2,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. அதனால் எஞ்சினின் திறன் குறைகிறது; அதே நேரத்தில் விசிறி தள்ளும் காற்றும் மெலிந்து, குளிரூட்டும் ஆற்றலும் குறைகிறது.

கீழ் கியரின் பயன்

இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள். எஞ்சின் அலறினால் சூடாகிறது, மெதுவாக முனகினால் குளிர்ச்சியாக இருக்கிறது என்பது பொதுவான எண்ணம். இந்த எஞ்சினில் நிலைமை நேர்மாறானது.

விசிறி சுற்றும் வேகம் எஞ்சினின் வேகத்தைப் பொறுத்தது. வண்டியின் வேகத்தைப் பொறுத்தது அல்ல. மணிக்கு 30 கிலோமீட்டரில் மூன்றாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,700 சுற்று சுற்றும். இரண்டாவது கியரில் ஏறக்குறைய 2,800. வண்டியின் வேகம் ஒன்றே. ஆனால் இரண்டாவது கியரில் ஒன்றரை மடங்குக்கும் மேல் காற்று கிடைக்கிறது. மேலும் 1,700 சுற்றில் இந்த எஞ்சினால் மேற்சொன்ன 26 குதிரைத்திறனைத் தரவே முடியாது. ஆக்ஸிலரேட்டரை அடி வரை மிதித்தாலும் வண்டி திணறும், வேகம் குறையும், விசிறியும் தளரும். ஒவ்வொரு வெடிப்பின் முழு அழுத்தமும் மெதுவாக நகரும் பிஸ்டனின் மீது நெடுநேரம் நிற்கும். ஹெட் சூடேறி, ‘டக் டக்’ என்ற தட்டல் ஒலி தொடங்கும். அது அழிவின் முதல் அடையாளம்.

ஆகவே திணறல் தொடங்கிய பின் கியர் மாற்றக் கூடாது. வளைவுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். கியரைக் குறைத்து, ஆக்ஸிலரேட்டரைப் பாதியளவு மிதித்து, எஞ்சினைத் தாராளமாகச் சுற்றவிட வேண்டும். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். அவசரப்பட்டு மேல் கியர் போடாதீர்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தால்

தண்ணீரால் குளிரும் சில கார்களில் டைனமோவின் சிவப்பு விளக்கு எரிந்தால், பேட்டரி தீரும் வரை ஓட்டி வீடு சேரலாம். இந்த வேனில் அப்படிச் செய்யலாகாது. டைனமோவைச் சுற்றும் பெல்ட்டே விசிறியையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் காற்று அடியோடு நின்றுவிடும். விளக்கு எரிந்த உடனேயே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைப் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் சில நிமிட தாமதம்கூட எஞ்சினைப் பலி வாங்கும். உதிரி பெல்ட் ஒன்றும், அதை மாற்றும் ஸ்பானரும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். சூடான எஞ்சின் மீது தண்ணீர் ஊற்றக் கூடாது. உலோகம் விரிசல் விடும்.

பெல்ட் நன்றாக இருந்து எஞ்சின் மட்டும் சூடேறியிருந்தால் வேறு வழி. வண்டியை நிழலில் நிறுத்தி, ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்ட பின் அணைக்கலாம். அந்த நேரத்தில் விசிறி வெப்பத்தை வெளியே தள்ளும்.

இந்த வேனில் வெப்பமானி கிடையாது. எண்ணெயின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றைப் பொருத்திக்கொள்வது நல்லது. 120 டிகிரி செல்சியஸை நெருங்கினால் நிறுத்தி ஓய்வு கொடுக்க வேண்டும்.

புறப்படும் முன்

இந்த எஞ்சினில் எண்ணெய் வெறும் இரண்டரை லிட்டர்தான். உராய்வைக் குறைப்பதோடு வெப்பத்தைச் சுமப்பதும் அதுவே. மலைக்குப் போகும் ஒவ்வொரு நாள் காலையிலும் அளவு பார்க்க வேண்டும். வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.15 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது குறைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு முழுமையாக மூடாமல் எரிந்துபோகும். மூன்றாம் எண் சிலிண்டரை இதில் தனியாகக் கவனிக்க வேண்டும். பழைய எஞ்சின்களில் எண்ணெய்க் குளிர்விப்பான் அந்தப் பக்கத்துக் காற்றின் வழியில் நின்றதால், அதற்குக் காற்று குறைவு. 1971 மாடலிலிருந்து அதை இடம் மாற்றித் தனி வழி கொடுத்தார்கள்.

இக்னிஷன் டைமிங் முந்தியிருந்தாலும், கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைவாகக் கொடுத்தாலும் சூடு ஏறும். சுமையைக் குறையுங்கள். தண்ணீர்த் தொட்டியை ஏற்றத்துக்கு முன் நிரப்பாமல் தங்குமிடத்தில் நிரப்பலாமே!

எல்லாவற்றையும்விட முக்கியமானது பெட்ரோல் ரப்பர் குழாய். பழைய குழாய் வெடித்துச் சொட்டினால், அது சூடான எஞ்சின் மீதே விழும். எஞ்சின் உடல் மக்னீசியம் கலந்த உலோகம். தீப்பற்றினால் அணைப்பது கடினம். குழந்தைகள் தூங்கும் படுக்கைக்குக் கீழே, பின்புறத்தில்தான் எஞ்சின் இருக்கிறது. குழாய்களைப் புதிதாக மாற்றாமல் மலைக்குப் போக வேண்டாம். பெட்ரோல் வாசனை வந்தால் எல்லோரும் இறங்கிவிட்டுத்தான் அடுத்த யோசனை.

இறக்கத்தில்

ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய டிரைவர்களின் விதி. இந்த வேனுக்கு அதில் இரட்டை லாபம். ஆக்ஸிலரேட்டரை விட்ட நிலையில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது, பிரேக் சூடாவதில்லை. அதே சமயம் பெட்ரோல் மிகக் குறைவாக எரிய, விசிறி மட்டும் வேகமாகச் சுற்றுவதால் எஞ்சின் குளிர்கிறது. நியூட்ரலில் உருட்டினால் இரண்டு லாபமும் போய்விடும்.

நம் ஊர் வண்டிகளில்

இதே தத்துவம் நம் வீடுகளிலும் இருந்தது. 1972-ல் வந்த பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரிலும் விசிறியும் காற்று மூடியும் உண்டு. கணவன், மனைவி, குழந்தையோடு சிங்ககட் கோட்டைச் சாலையில் ஏறும்போது இரண்டாவது கியரில் வண்டி கத்துவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை என்பதற்குக் காரணம் இதுவே. ஆனால் பழைய புல்லட்டில் விசிறி இல்லை. வண்டி ஓடும் காற்றே அதைக் குளிர்விக்கிறது. எனவே மலைப்பாதை நெரிசலில் நிற்கும்போது புல்லட்டை அணைத்துவிட வேண்டும்.

நினைவில் கொள்ள

1. திணறும் முன் கியரைக் குறைக்கவும்.
2. சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தவும்.
3. தகரம், ரப்பர் பட்டை ஒன்றும் விடுபடக் கூடாது.
4. எண்ணெய் அளவு தினமும். வால்வு இடைவெளி பயணத்துக்கு முன்.
5. பெட்ரோல் குழாய் புதிதாக இருக்கட்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.
6. ஏறிய கியரில் இறங்கவும்.

வெளிநாட்டில் இத்தகைய வண்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அன்பர்கள் இந்தப் பக்கத்தை அனுப்பி வைக்கலாம். தமிழ் படிக்கத் தெரியாத பேரக் குழந்தைகளுக்கு, அந்த ஆறு வரிகளையாவது தொலைபேசியில் படித்துச் சொல்லுங்கள்.