தகரம் அடித்த வீடு

கேள்வி: டாக்டர் அம்மா, நான் தேனி மாவட்டத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். 2020இல் கொரோனா வந்த வீடுகளுக்குத் தகரம் அடித்தபோது, காய்ச்சல் வந்தவர்கள் சொல்லாமல் மறைத்தார்கள். தகரத்தை எடுத்துவிட்டு அரிசியும் பாலும் வீட்டு வாசலுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அவர்களாகவே வந்து சொன்னார்கள். அடுத்த வருடம் ஜூன் தொடக்கத்தில் ‘தடுப்பூசி இருப்பு இல்லை’ என்று அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டது என் கைதான். விடியற்காலையில் வந்து பையையும் செருப்பையும் வரிசையில் போட்டு வைத்திருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதே நேரத்தில் பணக்கார நாடுகள் தேவைக்கு மேல் பல மடங்கு ஊசி வாங்கி வைத்திருப்பதாகச் செய்தியில் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் என்று ஒன்று இருந்தும் ஏன் எதுவும் செய்ய முடியவில்லை? கல்லூரியில் படிக்கும் என் மகன், ‘ஐ.நா.வில் இந்தியாவுக்கு வீட்டோ கிடைத்தால் எல்லாம் சரியாகும்’ என்கிறான். அடுத்த நோய் வரும்போதாவது வேறு மாதிரி நடக்குமா?

பதில்: நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தத் தகரத்தில்தான் உங்கள் கேள்விக்கான பதில் பாதிக்கு மேல் இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் மகன், அந்தத் தம்பி சொல்வதைப் பார்த்துவிடலாம்.

பாதுகாப்புச் சபையில் அவர் சொல்லும் குறை உண்மையானது. 1945இல் 51 நாடுகளோடு தொடங்கிய ஐ.நா.வில் இப்போது 193 நாடுகள். வீட்டோவோடு கூடிய நிரந்தர இடம் மட்டும் அன்றைக்கு உட்கார்ந்த அதே ஐந்து பேருக்குத்தான். 1965இல் சபையின் இடங்கள் 11இலிருந்து 15 ஆனதோடு சரி, கூடியவை அனைத்தும் இரண்டு வருடத்துக்கு வந்து போகிற இடங்கள். சாசனத்தைத் திருத்த வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு நாடுகளோடு அந்த ஐவரும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டும். கொரோனா காலத்தில் இந்தச் சபை என்ன செய்தது என்றும் தம்பியிடம் சொல்லுங்கள். 2020 மார்ச் 23 அன்று பொதுச்செயலாளர் குட்டெரஸ், நோய் ஓயும்வரை உலகெங்கும் போரை நிறுத்துங்கள் என்று வேண்டினார். அதை ஆதரித்து ஒரு தீர்மானம் போட ஜூலை 1 ஆகிவிட்டது. தீர்மானத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் பெயர் வரலாமா கூடாதா என்று அமெரிக்காவும் சீனாவும் மல்லுக்கட்டியதுதான் தாமதத்துக்கு முக்கியக் காரணம்.

ஆனால் அந்தச் சுகாதார நிறுவனத்துக்குள் வீட்டோ என்பதே கிடையாது. ஜெனிவாவில் ஒவ்வொரு மே மாதமும் கூடும் உலக சுகாதாரப் பேரவையில் சீனாவுக்கும் ஒரு ஓட்டு, மாலத்தீவுக்கும் ஒரு ஓட்டு. அப்படி எல்லாருக்கும் சமமான நாற்காலி போட்ட இடமும் உங்கள் அட்டையைத் தடுக்கவில்லை. யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதிலேயே நம் பேச்சு நின்றுவிடக் கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

இனி தகரம். 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது உலகச் சட்டப்படி நாடுகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்கள் மூன்றே மூன்று: காலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல். சீனா மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. அந்த அனுபவத்தில்தான் 2005இல் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளைத் திருத்தி எழுதினார்கள். உலகுக்கே ஆபத்தாகலாம் என்று ஒரு நாடு கணித்த எந்த நோயையும் 24 மணி நேரத்துக்குள் ஜெனிவாவுக்குச் சொல்லியாக வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதி. சொன்ன நாட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான் யாரும் உறுதியாக எழுதவில்லை.

2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா ஒரு புதிய உருமாறிய வைரஸைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தது. இரண்டு நாளில் அதற்கு ஒமைக்ரான் என்று பெயர் வைத்தார்கள். அந்த நாட்டு விஞ்ஞானிகள் மரபணு வரிசையை உலகத்துக்கே திறந்து வைத்தார்கள். அதைப் பார்த்துத்தான் மற்ற நாடுகள் தங்கள் ஊரில் அது இருக்கிறதா என்று தேட முடிந்தது. கிடைத்த கூலி? சில நாட்களுக்குள் பிரிட்டன், அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகள் என்று வரிசையாகத் தெற்கு ஆப்பிரிக்காவுக்கு விமானக் கதவைச் சாத்தின. அந்த வைரஸ் ஏற்கெனவே ஐரோப்பாவுக்குள்ளும் இருந்தது. இப்படித் தடை போடாதீர்கள் என்று நிறுவனம் கேட்டுக்கொண்டதை அவை காதில் வாங்கவில்லை. நீங்கள் தெருவில் பார்த்ததுதான் இது. காய்ச்சல் என்று சொன்ன வீட்டுக்குத் தகரம்.

இந்தோனேசியாவின் கதை இன்னும் பழையது, எனக்கு இன்னும் வலிப்பது. பறவைக் காய்ச்சலில் அதிகம் பேரை இழந்த நாடுகளில் அது ஒன்று. இறந்தவர்களிடமிருந்து எடுத்த வைரஸ் மாதிரிகளை ஒழுங்காக உலக ஆய்வகங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த வைரஸை வைத்து ஒரு ஆஸ்திரேலிய நிறுவனம் தடுப்பூசி செய்வதாகத் தெரியவந்தது. அந்த ஊசியைக் காசு கொடுத்து வாங்க இந்தோனேசியாவுக்குக் கட்டுப்படியாகாது. 2007இல் சுகாதார அமைச்சர் சிதி ஃபாதிலா சுபாரி, இனி மாதிரி தரமாட்டோம் என்று நிறுத்திவிட்டார். உலகத்தின் பாதுகாப்போடு விளையாடுகிறார் என்று அவரைத் திட்டினார்கள். நோய் எங்களுடையது, மருந்து உங்களுடையதா என்று அவர் கேட்டதில் என்ன தவறு என்று அன்றைக்கும் எனக்குப் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. அந்தச் சண்டையின் பலனாக 2011இல் ஒரு ஏற்பாடு வந்தது. மாதிரிகளைப் பயன்படுத்தும் மருந்து நிறுவனங்கள் பணமும் கொடுக்க வேண்டும், பெருந்தொற்று வந்தால் ஊசியில் ஒரு பங்கையும் ஒதுக்க வேண்டும். ஆனால் அது இன்ஃப்ளூயன்ஸாவுக்கு மட்டும். கொரோனா வேறு குடும்பத்து வைரஸ். ஒன்பது வருடம் கழித்து அது வந்தபோது அந்த ஏற்பாடு அதற்குப் பொருந்தவில்லை.

அதனால்தான் 2020இல் ஊசியைப் பங்கிட கோவேக்ஸ் என்ற பொதுத் திட்டத்தை அவசரம் அவசரமாகக் கட்டினார்கள். 2021 முடிவதற்குள் 200 கோடி ஊசி என்பது இலக்கு. பாதிக்கும் குறைவாகத்தான் கொடுக்க முடிந்தது. சந்தையில் கோவேக்ஸ் கையில் காசோடு வந்து நிற்பதற்குள் பணக்கார நாடுகள் உற்பத்தியாளர்களிடம் முன்பணம் கட்டி வரிசையில் முன்னால் நின்றுவிட்டன. கோவேக்ஸ் பெரிதும் நம்பியிருந்தது புணேயின் சீரம் நிறுவனத்தை. 2021 கோடையில் இங்கே இரண்டாம் அலை எரிந்தபோது நம் அரசு ஏற்றுமதியை நிறுத்தியது. நீங்கள் ‘இருப்பு இல்லை’ என்று எழுதிய அந்த நாட்களில் ஆப்பிரிக்காவில் உங்களைப் போன்ற எத்தனையோ செவிலியர்கள், இந்தியாவிலிருந்து வரவேண்டிய ஊசி வரவில்லை என்று இதே மாதிரி எழுதிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் பிணங்கள் எரிந்துகொண்டிருந்தபோது ஏற்றுமதி செய்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே தொழிற்சாலையை நம்பி பாதி உலகத்தை நிறுத்திய ஏற்பாடுதான் தவறு. அந்த வருட முடிவில் எல்லா நாடுகளிலும் 40 சதவீதம் பேருக்காவது ஊசி என்ற குறியை 194 நாடுகளில் 92 நாடுகள் எட்டவில்லை.

‘ஏன் எதுவும் செய்ய முடியவில்லை’ என்று கேட்டீர்களே, அதற்குப் பணக் கணக்கைப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்துக்கு இரண்டு வழியில் பணம் வருகிறது. ஒன்று, உறுப்பு நாடுகள் வசதிக்கேற்பக் கட்டும் சந்தா. மற்றது நன்கொடை. ஒரு காலத்தில் பெரும்பகுதி சந்தாதான். 1980களில் சந்தாவை உயர்த்தக் கூடாது என்று வசதியான நாடுகள் பிடித்த பிடியில் அது தேய்ந்து தேய்ந்து, கொரோனா வந்தபோது மொத்த வரவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தது. மீதியில் பெரும்பகுதி இன்ன நோய்க்கு, இன்ன நாட்டில், இன்ன தேதிக்குள் என்று முடிச்சுப் போட்டு வரும் பணம். பஞ்சாயத்துக்கு ஒருவர் தெருவிளக்குக்கு மட்டும் காசு தருகிறார், இன்னொருவர் தன் தெரு சாக்கடைக்கு மட்டும் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டியை யார் கழுவுவது?

நானே அந்த முடிச்சுப் பணத்தில் வேலை பார்த்தவள். திடீரென்று கை, கால் துவண்டுபோன குழந்தை என்று எந்த ஊரிலிருந்து தகவல் வந்தாலும் போய், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மலம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது எங்கள் வேலை. போலியோவுக்கென்று வந்த பணம் அது. 2011 ஜனவரியோடு நாட்டில் போலியோ நின்றது, 2014இல் சான்றிதழும் கிடைத்தது. அந்தப் பணத்தை நான் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்த நோய்க்கென்று வந்த ஆட்களும் வண்டிகளும் அந்த நோய் போனதும் கலையத் தொடங்குவதையும் பார்த்தேன். அடுத்த நோயைத் தேடக் கற்றவர்கள் அவர்கள்தான். இதேபோல 2011இல் வந்த நிதி நெருக்கடியில் ஜெனிவாவிலும் அவசரக்காலப் பிரிவில் ஆட்களைக் குறைத்தார்கள். 2014 மார்ச்சில் கினியாவில் எபோலா தெரியவந்தது. உலக அவசரநிலை என்று அறிவிக்க ஆகஸ்ட் 8 ஆனது. அந்தத் தொற்றில் 11,300 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இதில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. சந்தாவைப் படிப்படியாக உயர்த்தி, 2030–31க்குள் அடிப்படைச் செலவில் பாதியைச் சந்தாவே தாங்க வேண்டும் என்று 2022இல் பேரவை முடிவு செய்தது. 2023இல் 20 சதவீதம் உயர்வு, 2025இல் இன்னொரு 20. செய்தித்தாளில் மூலையில்கூட வராத செய்தி. என் கணக்கில் அந்த ஆண்டுகளின் மிகப்பெரிய சீர்திருத்தம் இதுதான். இடையில் 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளியேறுவதாக அறிவித்தது; அதுதான் சந்தாவிலும் நன்கொடையிலும் அதிகம் கொடுத்துவந்த நாடு. இரண்டு வருடத்துக்கு 530 கோடி டாலர் என்று போட்டிருந்த திட்டத்தை 420 கோடியாக வெட்ட வேண்டி வந்தது. வருடத்துக்கு 210 கோடி டாலர். உலகம் ராணுவத்துக்கு எட்டு மணி நேரத்தில் செலவழிக்கும் தொகை அது என்று நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் பேரவையில் சொன்னார்.

இன்னொரு குறை அதிகாரம். எந்த நாட்டுக்குள்ளும் அந்த அரசு அழைக்காமல் நிறுவனத்தின் ஒரு டாக்டர்கூடக் கால் வைக்க முடியாது. லைபீரியாவின் முன்னாள் அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃபும் நியூசிலாந்தின் முன்னாள் பிரதமர் ஹெலன் கிளார்க்கும் தலைமை தாங்கிய விசாரணைக் குழு 2021இல், அரசுகளின் அனுமதிக்குக் காத்திராமல் தகவலை வெளியிடவும், நிபுணர்களை உடனே அனுப்பவும் அதிகாரம் வேண்டும் என்றது. நாடுகள் அதற்கு மட்டும் இறங்கி வரவில்லை. இறையாண்மை என்று பல நாடுகளும் பேசின. நம் நாடும் அதில் அடக்கம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனாலும் தகரத்தைப் பற்றிய பயத்தைப் போக்காமல் போலீஸ் அதிகாரத்தை மட்டும் கொடுத்தால் மறைப்பது கூடத்தான் செய்யும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த நோய்க்கு வேறு மாதிரி நடக்குமா என்றால், பாதி ஏற்பாடு நடந்திருக்கிறது. 2025 மே 20 அன்று பேரவை பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றது. அதற்கு முந்தைய நாள் குழுவில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 124, எதிர்ப்பு இல்லை, 11 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. நிறுவனம் இனி நம் ஊரில் ஊரடங்கு போடும் என்று ஒரு வதந்தி சுற்றியது. அப்படி எந்த நாட்டுக்கும் உத்தரவு போட அதற்கு அதிகாரமில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. ஒப்பந்தத்தின் உயிர் வேறொரு இடத்தில் இருக்கிறது. வைரஸ் மாதிரியையும் மரபணுத் தகவலையும் நாடுகள் உடனே தர வேண்டும். அதற்குப் பதிலாக, இதில் சேரும் மருந்து நிறுவனங்கள் பெருந்தொற்றுக் காலத்தில் ஊசியும் மருந்தும் உற்பத்தியாகும்போதே அதில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும். அதில் பாதியாவது இலவசம், மீதி கட்டுப்படியான விலையில். இந்தோனேசிய அமைச்சர் கேட்டது பதினெட்டு வருடம் கழித்து எல்லாப் பெருந்தொற்றுக்கும் சேர்த்து எழுத்தில் வந்திருக்கிறது.

ஆனால் இந்தக் கொடுக்கல் வாங்கல் எப்படி நடக்கும் என்பதைத் தனியே ஓர் இணைப்பாக எழுதி முடித்தால்தான் ஒப்பந்தமே கையெழுத்துக்குத் திறக்கும். பிறகு 60 நாடுகள் உறுதிசெய்தால்தான் நடைமுறைக்கு வரும். மாதிரியைத் தந்தே ஆக வேண்டும், பங்கு தருவதோ அவரவர் விருப்பம் என்று அந்த இணைப்பு முடிந்துவிட்டால் நாம் திரும்பவும் 2007க்கே போய்விடுவோம்.

தம்பியை அந்த இணைப்பின் வரைவைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். தரவேண்டும் என்ற இடத்தில் என்ன சொல் இருக்கிறது, தரலாம் என்ற இடத்தில் என்ன சொல் இருக்கிறது என்று அடிக்கோடு போட்டு வைக்கட்டும். பயண, வணிகத் தடைகளைப் பற்றி எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பிறகு நீங்கள் இருவரும் சேர்ந்து எனக்கு எழுதுங்கள். உங்கள் ஊரில் அந்தத் தகரத்தை எடுக்கச் சொன்னது யார், முதல் நாள் அரிசியும் பாலும் யார் செலவில் வந்தது என்பதையும் அந்தக் கடிதத்தில் சொல்லுங்கள். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.