நம் இலையில் எத்தனை இனம்?

சென்ற ஆண்டு என் பேத்திக்கு (வயது 13) இரத்தசோகை என்று மருத்துவர் கூறினார். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்டில் என்ன சாப்பிடுகிறாள்?" என்று கேட்டார். "எல்லாமே சாப்பிடுகிறாள் டாக்டர். எங்கள் வீட்டில் தினம் ஒரு டிபன்" என்றேன் பெருமையாக.

அல்சூர் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தப் பதில் உறுத்தியது. 36 ஆண்டுகள் ரயில்வேயில் இருப்புப் பாதையைப் பராமரித்தவன் நான். பார்வைக்கு நேராகத் தெரியும் பாதையும், தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளந்தால்தான் உண்மையைச் சொல்லும். சாப்பாட்டை மட்டும் அளக்காமலே சொல்லிவிட்டேனே!

உணவின் பல்லுயிர் வளத்தை அளக்கவும் எளிய முறை ஒன்று உண்டு. ஒருவர் ஒரு நாளில் உண்ட பதார்த்தங்களை எண்ணாமல், அவற்றில் அடங்கிய தாவர, விலங்கு இனங்களை எண்ணுவதே அது.

எண்ணும் விதம்

1. ஒருவர் 24 மணி நேரத்தில் உண்டதை எல்லாம் எழுதவும். சமைத்ததை அல்ல, அவர் வயிற்றுக்குள் போனதை.

2. ஒவ்வொரு பதார்த்தத்தையும் மூலப்பொருள்களாகப் பிரிக்கவும்.

3. ஒரே இனம் எத்தனை வடிவில் வந்தாலும் ஒன்றே. கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, கடலைமாவு, கொண்டைக்கடலை எல்லாம் ஓர் இனம். முட்டைக்கோஸ், காலிபிளவர், நூல்கோல் மூன்றும் தாவரவியல்படி ஓர் இனம். பசும்பால், தயிர், நெய் எல்லாம் ஒன்று. ஆனால் உளுந்தும் பாசிப்பயறும் வேறு வேறு. சாமை, தினை, வரகு, குதிரைவாலி நான்கும் நான்கு இனங்கள்.

4. கடுகு, மஞ்சள் போலச் சிட்டிகை அளவில் சேர்ப்பவற்றை விட்டுவிடலாம்.

எங்கள் வீட்டுக் கணக்கு

ஒரு வாரம் எழுதினேன். காலை டிபன்: இட்லி, தோசை, ஊத்தப்பம், பணியாரம், ரவை உப்புமா, சப்பாத்தி, பூரி. ஏழு நாளும் ஏழு விதம். சட்னி, குருமாவை விட்டுப் பார்த்தால் இனங்கள் மூன்றே: அரிசி, உளுந்து, கோதுமை! மூன்று வேளையும் சேர்த்து வாரம் முழுவதற்கும் வீட்டுக் கணக்கு 19. பேத்தியின் கணக்கு 11 மட்டுமே. கீரையையும் காய்களையும் அவள் ஓரமாக ஒதுக்கிவிடுகிறாள். ஒரே சமையலறை, இரண்டு கணக்கு. இதை நாங்கள் கவனித்ததே இல்லை.

இந்த எண்ணால் என்ன பயன் என்று கேட்கலாம். இலங்கை, கென்யா, வியட்நாம் உள்ளிட்ட 7 நாடுகளின் கிராமப்புறங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. மக்கள் உண்ட இனங்கள் மொத்தம் 234. ஏழு நாடுகளுக்கும் பொதுவான 9 இனங்களே சராசரியாக 61 சதவீதச் சக்தியைக் கொடுத்தன. ஒருவர் உண்ணும் இனம் கூடக்கூட, நுண்சத்துகள் போதுமான அளவு கிடைப்பதும் கூடியது.

இந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு. எவ்வளவு உண்டோம் என்பதை அது சொல்லாது. பொன்னி அரிசியும் மாப்பிள்ளைச் சம்பாவும் அதற்கு ஒன்றே. மருந்துக்கும் அது மாற்றாகாது. பேத்தியின் இரத்த அளவு ஏறியது மாத்திரையால்தான். மறுபடி இறங்காமல் காக்கத்தான் சாப்பாடு.

எங்கே விட்டோம்?

என் சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். அம்மா கேழ்வரகுக் களி, சாமைச் சோறு, கொள்ளு, மொச்சை, வேலியோரக் கீரை என்று மாற்றி மாற்றிப் போடுவார். உத்தியோகம் கிடைத்துப் பெங்களூர் வந்ததும் அரிசிச் சோறே கௌரவம் என்று இருந்துவிட்டோம். நாட்டிலேயே கேழ்வரகு அதிகம் விளையும் மாநிலத்தில் குடியேறி, கேழ்வரகையே மறந்தோம்!

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலும் மரவள்ளி பெருகியபோது சாமையும் தினையும் குறைந்தன. உரலில் குத்தி உமி நீக்கும் பாடும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊர்களில் உமி நீக்கும் இயந்திரங்களை அமைத்து, பெண்களின் அந்தச் சுமையைக் குறைத்தது. உழைப்பு குறைந்தால்தான் தானியம் அடுப்புக்குத் திரும்பும் என்பது நாம் மனத்தில் கொள்ள வேண்டிய பாடம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். களியைப் பேத்தி தொடவில்லை. முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையை விரும்பிச் சாப்பிடுகிறாள். சாமைப் பொங்கலும், மார்கழி வந்தால் இவ்வூர் அவரைப் பருப்பும் சேர்ந்துகொண்டன. இப்போது அவளுடைய வாரக் கணக்கு 18. பட்டியலை எழுதுவதும் அவளே. "தாத்தா, ரவையும் மைதாவும் ஒன்றுதான், ஏமாற்றாதீர்கள்" என்று என்னைத் திருத்துகிறாள்.

அன்பர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை தாளும் பேனாவும் எடுங்கள். வீட்டுக்கு ஒரு கணக்கு போதாது, ஆளுக்கு ஒரு கணக்கு எழுதுங்கள். யாருடைய எண் குறைவோ, அவருடைய தட்டைப் பார்த்து அடுத்த வாரக் காய்கறி வாங்குங்கள்.