கட்டி அல்லாத கட்டி

ஒரு சொல் பல பொருள் தருவது இலக்கியத்திற்கு அழகு; மருத்துவத்திலோ அதுவே இடராகும். தமிழில் ‘கட்டி’ என்னும் சொல் சீழ்க்கட்டியையும் புற்றுக்கட்டியையும் ஒருங்கே குறிக்கும். இவ்விரண்டும் அல்லாத வேறொன்றும் மூளையில் கட்டியென மயக்குவதுண்டு. அதனை ஈண்டுக் காண்போம்.

நோயின் இயல்பு

மின்கம்பிக்கு மேலுறை போல, நரம்பிழைகளை மயலின் என்னும் கொழுப்புறை போர்த்தியுள்ளது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் இவ்வுறையைச் சிதைக்கும் நோய் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும். பாரிசு நகர மருத்துவர் ஷார்க்கோ 1868இல் இதனைத் தனி நோயாக விளக்கினார். இதன் சிதைவுகள் பெரும்பாலும் சிறியவை. ஆயிரம் நோயாளருள் ஓரிருவருக்கே, 2 சென்டிமீட்டருக்கும் மிகுந்து, சுற்றிலும் நீர்கோத்து வீங்கிய சிதைவு தோன்றும். சிலருக்கு நோயின் முதல் அடையாளமே இதுவாக அமையும்.

மயக்கமும் தெளிவும்

தலைவலி, குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு, ஒருபக்கத் தளர்ச்சி ஆகிய யாவும் புற்றுக்கும் உரியவை. ஆயினும், காடோலினியம் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம் ஒரு குறிப்புத் தரும். புற்றும் சீழும் பெரும்பாலும் மூடிய வளையமாக ஒளிரும். இச்சிதைவோ ஒருபுறம் திறந்து, பிறைபோல் ஒளிர்வதுண்டு.

ஐயம் நீங்காவிடின் திசுவை எடுத்து ஆய்வர். அங்கும் மயக்கம் உண்டு. உட்கரு சிதறிய செல்கள், பிளவுறும் புற்றுச்செல்களைப் போலத் தோன்றும். மயலினை விழுங்கிய செல்கள் நிறைந்திருத்தலும், உறை அழிந்தும் நரம்பிழை பெரிதும் எஞ்சியிருத்தலுமே உண்மையைப் புலப்படுத்தும்.

பெயரின் விளைவு

பெயர் பிழைத்தால் மருத்துவமும் பிழைக்கும். புற்றெனக் கொண்டால் அறுவையும் கதிர்வீச்சும் நேரும். கதிர்வீச்சு இச்சிதைவை மேலும் கேடுறச் செய்யக்கூடும். உண்மை அறிந்தால், சிரைவழிச் செலுத்தும் மெத்தில்பிரெட்னிசலோன் மருந்தே பலருக்குப் பயன் தரும். அது பயனளிக்காவிடின் பிளாஸ்மா மாற்றம் செய்வர். எனினும், மருந்தால் சுருங்கியது என்பது மட்டுமே சான்றாகாது. நிணநீர்ப் புற்றும் இம்மருந்துக்குச் சிறிது காலம் சுருங்கும். ஆகவே, தொடர்ந்து படமெடுத்துக் கண்காணித்தல் இன்றியமையாதது.

மருத்துவ அறிக்கையைத் தமிழில் எடுத்துரைப்போர் ‘மூளையில் கட்டி’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், கேட்கும் குடும்பத்தார் உள்ளத்தில் புற்று என்பதே பதியும். ‘கட்டிபோல் தோன்றும் மயலின் சிதைவு’ என்று விரித்துரைத்தால் அச்சம் தணியும். உரிய மருத்துவத்திற்கு வழியும் தெளியும். கலைச்சொல் ஆக்கம் ஏட்டளவில் நிற்கும் பணியன்று. உயிர் காக்கும் பணியுமாகும். தமிழ் பயிலும் மாணவர்கள் இதனை உளங்கொள்வார்களாக!