பிள்ளை பெற்றவளின் பதற்றம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

“படிச்ச பிள்ளைக்கு இதெல்லாம் வராது.” குமரி மாவட்டத்தில் இப்படிச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழகத்தில் முதலிடம். ஆனால் பதற்றம் சான்றிதழ் பார்த்து வருவதில்லை. வேலூர் அருகேயுள்ள கிராமங்களில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வோடு சேர்ந்து தென்பட்டவை குறைந்த வருமானம், ஆண்பிள்ளை வேண்டிய வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடு பிணக்கு, கூடமாட உதவ ஆளில்லாமை. சோர்வும் பதற்றமும் பெரும்பாலும் கைகோத்தே வரும்.

“நாங்க எட்டு பெத்தோம், எங்களுக்கு வராத படபடப்பா?” அன்றும் வந்தது, யாரும் கேட்கவில்லை. அன்றைய வீட்டில் பிள்ளையை வாங்கிக்கொள்ள நாலு கைகளாவது இருந்தன. இன்று கணவன் கல்ஃபில், அம்மா வேறு ஊரில்.

“கண்ணு பட்டிருக்கு, மண்டைக்காட்டு அம்மனுக்கு நேர்ந்துக்கோ.” நேர்ந்துகொள்ளுங்கள், தடையில்லை. கூடவே ரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். ரத்தசோகையிலும் நெஞ்சு படபடக்கும். பிரசவமான சில மாதங்களில் சிலருக்குத் தைராய்டு அழற்சி வந்து கைநடுக்கமும் வியர்வையும் தரும். இவற்றைப் பார்க்காமலே ‘மனக்கோளாறு’ என்று எழுதிவிடுகிற வைத்தியத்தில் எனக்கு உடன்பாடில்லை.

பெண்கள் வாயே திறக்காத விஷயம் ஒன்று உண்டு. கிணற்றடியில் நிற்கையில் பிள்ளை கைநழுவி விழுந்துவிடுமோ, அரிவாள்மணை பட்டுவிடுமோ என்று திடீரென ஒரு காட்சி மனதில் வெட்டிப் போகும். ‘பெத்தவளுக்கு இப்படியும் நினைப்பு வருமா?’ என்று அவளே வெட்கி ஒளிப்பாள். பிள்ளைக்கு ஆபத்து நேர்வதுபோன்ற இந்த நினைப்பு புதுத்தாய்மாரில் பெரும்பாலோருக்கு எட்டிப்பார்ப்பதுதான். நினைத்ததும் உடல் பதறுகிறதே, அந்தப் பதற்றமே பிள்ளைமேல் அவளுக்குள்ள அக்கறைக்குச் சாட்சி. நாள்முழுக்க அதுவே ஓடினால், கிணற்றுப் பக்கமே போகாமல் ஒதுங்கினால் சிகிச்சை வேண்டும்.

பாலூட்டுபவள் மாத்திரையே தொடக்கூடாது என்பதும் சரியல்ல. பதற்றத்துக்கும் சோர்வுக்கும் தரும் செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். டாக்டர் பார்த்துத் தருவார். அதற்கு முன்னால் வீட்டார் கையிலேயே ஒரு மருந்து இருக்கிறது. இரவில் நாலைந்து மணிநேரம் அவளைத் தொடர்ந்து தூங்கவிட்டு, எடுத்துவைத்த பாலைப் பிள்ளைக்கு வேறொருவர் புகட்டலாம்.

மனம்விட்டுப் பேச 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். இலவசம், தமிழிலும் பேசலாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. பிரசவமான முதல் வாரங்களில் தூக்கமே தேவைப்படாததுபோல் நடந்தாலோ, யாருக்கும் கேட்காத குரல் கேட்டாலோ, சாகவேண்டும் என்று சொன்னாலோ, மந்திரவாதியைத் தேடிப் பொழுதைப் போக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அதுவரை தாயையும் பிள்ளையையும் தனியே விடவேண்டாம்.