சோலார் போடலாமா டீச்சர்? முதல்ல ஈ.பி. கார்டை எடுங்க!



கடப்பாக்கம், செய்யூர், சூனாம்பேடு பக்கம் வேலை பார்க்கிற இளம் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "மாடியில சோலார் போட்டா கரண்ட் பில்லே வராதாமே, போடலாமா?"

ஒரே வரியில் பதில் வேணும்னா: பில் பெரிசா வர்ற வீட்டுக்கு சோலார் நல்ல முதலீடு, சின்ன பில் வீட்டுக்கு அது ஒரு தேவையில்லாத கடன். நீங்க இதில் எந்தப் பக்கம்னு உங்க ஈ.பி. கார்டே சொல்லும். எப்படின்னு பார்க்கலாம். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் இது உதவும்.

கிலோவாட் வேற, யூனிட் வேற

கிலோவாட் என்பது பேனலோட திறன். யூனிட் என்பது அது உற்பத்தி செய்கிற மின்சாரம். 1 கிலோவாட் திறன் ஒரு மணி நேரம் முழுசா வேலை செய்தால் 1 யூனிட்.

நம்ம ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் கொடுக்கும். நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு பில். அப்போ 60 நாளுக்கு 240 யூனிட். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது குறையும். மாசியிலிருந்து ஏறும். இடம் கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி தேவை.

இன்னொரு விஷயம், பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. பேனல் சூடாக ஆக உற்பத்தி கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

சோலார் பில்லை மேலிருந்து வெட்டும்

இதுதான் இன்றைய பாடத்தின் மையம். 2025 கட்டணப்படி தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். 400 வரைக்கும் யூனிட் 5 ரூபாய்க்குள்தான். 500-ஐத் தாண்டின யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல், 800-ஐத் தாண்டினால் 10 ரூபாய்க்கு மேல். 500-ஐத் தாண்டியதுமே 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் போய்விடும்.

நெட் மீட்டர் வைத்தால், கிரிட்டிலிருந்து எடுத்த யூனிட்டில் நீங்க அனுப்பின யூனிட்டைக் கழித்துக்கொள்வார்கள். அதனால் முதலில் குறைவது விலை அதிகமான மேல் யூனிட்டுகள். கடைசியில் குறைவது ஏற்கெனவே இலவசமான 100 யூனிட். அந்த 100-ஐ சோலார் கொடுத்தாலும் உங்களுக்கு மிச்சம் பூஜ்யம்.

இரண்டு வீடு, இரண்டு கணக்கு

மானியக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். பேனல் விலை ஆளுக்கு ஆள் மாறும். கணக்குக்காக 1 கிலோவாட் 75,000, 2 கிலோவாட் 1,45,000 என்று வைத்துக்கொள்வோம்.

வீடு அ: ஆசிரியர் தம்பதி, இரண்டு ஏ.சி. ரெண்டு மாசத்துக்கு 700 யூனிட், பில் சுமார் 3,800 ரூபாய். 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் குறைந்து 220-க்கு மட்டும் பில் வரும், அது சுமார் 330 ரூபாய். வருஷத்துக்கு மிச்சம் ஏறக்குறைய 21,000. மானியம் போக கைக்காசு 85,000. நாலு வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

வீடு ஆ: புதுசா வேலைக்குச் சேர்ந்தவர், ஏ.சி. இல்லை. 280 யூனிட், பில் சுமார் 600 ரூபாய். 1 கிலோவாட் போட்டால் பில் ஜீரோ. கேட்க நல்லா இருக்கு இல்லையா? ஆனா வருஷ மிச்சம் 3,600 ரூபாய்தான். கைக்காசு 45,000. பணம் திரும்ப 12 வருஷத்துக்கு மேல். அதற்குள் இன்வெர்ட்டர் மாற்றும் செலவும் வந்து நிற்கும்.

இதையே 7% வட்டி, 5 வருஷக் கடனில் பாருங்க. வீடு அ-வுக்கு மாச இ.எம்.ஐ. சுமார் 1,680, மிச்சம் 1,750. கடனை மிச்சமே கட்டிவிடும். வீடு ஆ-வுக்கு இ.எம்.ஐ. 890, மிச்சம் 300. மாசாமாசம் 590 ரூபாய் சம்பளத்திலிருந்து போகும்.

எஃப்.டி.யோடு ஒப்பிடும்போது ஒன்றை மறக்காதீங்க. எஃப்.டி.யில் முதல் திரும்ப வரும், பேனலில் வராது. என் அளவுகோல் இதுதான்: 6 வருஷத்துக்குள் பணம் திரும்பினால் போடலாம், 10-ஐத் தாண்டினால் வேண்டாம்.

"பில் ஜீரோ" ஆசை

வீடு அ-வுக்கு வருகிற விற்பனையாளர் "3 கிலோவாட்டா போட்டுடுங்க, பில்லே வராது" என்பார். மூன்றாவது கிலோவாட்டுக்கு மானியம் 18,000 மட்டும்தான். கூடுதல் கைக்காசு 50,000-ஐ ஒட்டி வரும். அது மிச்சப்படுத்துவதோ அந்த 330 ரூபாய் பில்லை மட்டும். வருஷத்துக்கு 2,000 கூட இல்லை! அடுத்த ஓரிரு வருஷத்தில் இன்னொரு ஏ.சி., மின்சார ஸ்கூட்டர் என்று திட்டம் இருந்தால் மட்டும் யோசிங்க.

அப்போ வீடு ஆ என்ன செய்யலாம்?

ஃபேனை மாத்துங்க. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 35 வாட்டுக்குள். நாலு ஃபேன், நாளைக்கு 12 மணி நேரம் என்றால் ரெண்டு மாசத்தில் 115 யூனிட் மிச்சம். 1 கிலோவாட் பேனல் தருவதில் கிட்டத்தட்ட பாதி! செலவு 12,000 ரூபாய் அளவில். பில் 600-லிருந்து 150-க்கு இறங்கும்.

கையெழுத்து போடும் முன்

1. கடைசி ஆறு பில்லையும் எடுங்க. மே மாச பில்லை மட்டும் வைத்து அளவு முடிவு செய்யாதீங்க.

2. இணைப்பு யார் பேரில் இருக்கு? தாத்தா பேரிலேயே இருந்தால் முதலில் பெயர் மாற்றம். வாடகை வீடு என்றால் இந்தப் பதிவை ஹவுஸ் ஓனருக்கு அனுப்புங்க.

3. மானியம், பேனல் மாட்டி மீட்டர் வைத்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத்தொகைக்கும் நீங்கதான் பொறுப்பு. அவசர நிதியிலிருந்து இதற்கு எடுக்காதீங்க.

4. பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. பவர் கட்டுக்காக இதை வாங்காதீங்க.

5. ஆலம்பரை கோட்டை வரைக்கும் உப்புக்காற்று அடிக்கிற ஊர் நம்மது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம்தான் கரையைக் கடந்தது. அதனால் கால்வனைஸ் செய்த அல்லது அலுமினிய ஸ்டாண்ட், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்க. பேனலை நல்ல தண்ணீரில் கழுவுங்க.

6. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதம் ஆனது. பொருத்தும் வேலையோடு சேர்த்து வாங்கினால் 70% பொருள், 30% சேவை என்று பிரித்துப் போடுவார்கள். மொத்தத்தில் 8.9% வரும். பில்லில் சரிபாருங்க.

7. "40% தேய்மானம் காட்டி வரி மிச்சம் பண்ணலாம்" என்பது தொழில் செய்பவர்களுக்கு. சம்பளக்காரருக்கு வீட்டு சோலாரில் அந்தக் கழிவு கிடையாது.

8. நெட் மீட்டர் வைத்த பிறகு பில்லில் வேறு என்ன கட்டணம் சேரும் என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்க.

வீட்டுப்பாடம்

ஆறு பில்லையும் கூட்டி, ஆறால் வகுங்க. 300-க்குக் கீழே வந்தால் ஃபேன். 500-க்கு மேலே வந்தால் சோலார் கொட்டேஷன் மூன்று வாங்குங்க. நடுவில் இருந்தால் 1 கிலோவாட்டுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்க. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அவங்களே போட்டுத் தருவாங்க. நல்ல கணக்குப் பாடமாகவும் ஆகும்!

அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.