அளவு அட்டைக்கு எது ஏற்றது?

வீட்டிலிருந்தே பர்ஸ், பை, சுடிதார் தைத்து வருமானம் பார்க்கும் சகோதரிகளுக்கான பாடம் இது.

துணியில் தையல் தவறினால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். தோலில் ஊசி போன ஓட்டை மறையாது. சரக்கு கொடுத்தவருக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அளவு அட்டையில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

முதல் மாதிரிக்கு பிரவுன் பேப்பர் போதும். அதையே வைத்துப் பல உருப்படி வெட்டினால் ஓரம் நைந்துவிடும். துணிக்கு, பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டை நன்றாக உழைக்கும். சிலர் எக்ஸ்ரே பிலிமை எடுக்கிறார்கள்; எடுத்தால் பெயர் உள்ள மூலையை முதலில் வெட்டிவிடுங்கள், அடுத்தவர் நோயும் அமானிதம்தான்.

தோலுக்கு அட்டை தாங்காது. கத்தி ஒவ்வொரு தடவையும் ஓரத்தை மயிரிழை அளவு சீவும். கடைசியில் பர்ஸின் மூடி உடம்போடு பொருந்தாது. மழைக்காலத்தில் ஈரம் இழுத்து வளையவும் செய்யும். 2 அல்லது 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட் விலை கூடுதல்தான். ஆனால் கண்ணாடிபோல் இருப்பதால் அடியில் உள்ள தோலின் தழும்பு, உண்ணிக்கடி எல்லாம் தெரியும். விலக்கி வைத்து வெட்டலாம். அதிலும் கத்தியைச் சாய்த்தால் ஓரம் போகும். சில்வர் பேனாவால் கோடிட்டு, ஷீட்டை எடுத்துவிட்டு வெட்டுவதே நல்லது.

தேய்ந்த அட்டையைப் பார்த்துப் புதியது வரையாதீர்கள். கோட்டின் தடிமன் நகலுக்கு நகல் சேர்ந்துகொண்டே போகும். மூல அட்டை ஒன்றைத் தனியே வைத்து, தையல் விளிம்பு சேர்த்ததா இல்லையா என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.