புல்லட் மோட்டார் சைக்கிள்: பழையதும் புதியதும்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிச் செல்லும் கிரிவல வீதி ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளமுள்ளது. அங்கே கால்நடையாய்ச் செல்லும் அடியாரிடையே புல்லட் வண்டியின் ஓசையும் கேட்பதுண்டு. பெயர் ஒன்றாயினும் பழைய புல்லட்டும் புதிய புல்லட்டும் அமைப்பில் வேறானவை. அவ்வேற்றுமையை அறியாது ஏறுபவனுக்கும், எதிரே வருபவர்க்கும் அபாயம் உண்டாகலாம். ஆதலின் அதனை ஈண்டு ஆராய்வோம்.

இங்கிலாந்திற் பிறந்த இவ்வண்டி, 1955-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற என்பீல்டு இந்தியா கம்பெனியாரால் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் செய்யப்படலாயிற்று. அதன் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். மாணாக்கர் கணக்கிட்டுப் பார்ப்பின் கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர் என அறிவர். 2009-ஐ ஒட்டி வந்த புதிய இஞ்சினிலும் இவ்வளவுகள் மாறவில்லை. மாறியவை பிற உறுப்புக்களேயாம்.

பழையதில் சிலிண்டர் வார்ப்பிரும்பாலாயது. இஞ்சினும் கியர்ப்பெட்டியும் தனித்தனியே இருந்தன. அவற்றிற்கு எண்ணெயும் வேறுவேறு. புதியதில் சிலிண்டர், வெப்பத்தை விரைவிற் கடத்தும் அலுமினியத்தாலாயது; இரண்டும் ஒரே கூட்டில் அடங்கி ஒரே எண்ணெயாற் பயன்பெறுகின்றன. முன்பு வால்வுத்தண்டின் இடைவெளியை மெக்கானிக் கையாற் சரிசெய்தல் வேண்டும். பின்னர் எண்ணெயின் அழுத்தமே அதனைச் செய்கிறது.

பழைய வண்டியிற் பிளாட்டினம் பாயிண்டுகள் பிரியும் நொடியிலேயே தீப்பொறி எழும். ஆதலின் ஓட்டுபவர் அம்மீட்டர் முள் நடுவில் நிற்கும் வரை கிக்கரை மெல்ல அழுத்தி, கம்ப்ரஷன் லீவரைப் பிடித்துப் பிஸ்டனைச் சிறிது கடத்தியபின்பே உதைப்பர். பொறி முந்தினால் கிக்கர் திருப்பியடித்துக் காலை வருத்தும். புதியதில் மின்னணுக் கருவியே காலத்தை நிருணயிக்கிறது.

இனி மிக முக்கியமானதொன்று. பழைய நான்கு கியர் வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் அமைந்தன. முதற் கியருக்கு மேலே தூக்கி, ஏனையவற்றிற்குக் கீழே மிதித்தல் வேண்டும். புதியதில் பிரேக் வலக்காலுக்குரியது. புதியதிற் பழகியவன் பழைய வண்டியில் ஏறி, அவசரத்தில் பிரேக்கென எண்ணி வலக்காலால் மிதிப்பின், வண்டி நில்லாது; மேற்கியர் விழக்கூடும். அடியார் நிறைந்த வீதியில் இப்பிழையின் விளைவைக் கூறவும் வேண்டுமோ!

2023-இல் வெளிவந்த புல்லட்டின் இஞ்சின் 72 மில்லிமீட்டர் விட்டமும் 85.8 மில்லிமீட்டர் ஓட்டமும் உடையதாய் முற்றும் புதிதாயிற்று. பெயர் மட்டும் நிலைத்தது. பெயரை நம்பி ஏறாது, உறுப்புக்களை ஆராய்ந்து, ஆளில்லா இடத்திற் காலைப் பழக்கியபின்பே வீதிக்குச் செல்லுதல் அறிவுடையோர் செயலாம்.